6 அடித் தொட்டிக்கு எந்தெந்த சிக்ளிட் ஒத்துப்போகும்? (கிளிநொச்சி, கிணற்றுத் தண்ணீர்)

வட்டக்கச்சியான்:

எல்லாருக்கும் வணக்கம். அத்தான் தன் கடையை மூடியபோது, வாசலில் வைத்திருந்த மீன் தொட்டியை என் தலையில் கட்டிவிட்டார். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், 12 மில்லிமீற்றர் கண்ணாடி. கீழே வைக்கோல் பரப்பி லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்தோம். அப்பா பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்து ஒவ்வொரு கிடங்குக்கும் "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே வந்தார். உடையாமல் வந்து சேர்ந்துவிட்டது.

இதுவரைக்கும் நான் வளர்த்தது 2 அடித் தொட்டியில் கப்பியும் மொலியும்தான். இவ்வளவு பெரிய தொட்டி கிடைத்த பிறகு சிக்ளிட் குடும்பத்து மீன்களை வளர்க்காமல் விட மனம் வரவில்லை. கடையில் போய்ப் பார்த்து ஒரு பட்டியல் எழுதி வந்தேன்: ஒஸ்கார் 2, பிளவர்ஹோன் 1, பரட் 4, மஞ்சள் லேப் 6, ஏஞ்சல் 2, புரொன்டோசா 1, கண்ணாடி சுத்தம் பண்ண சக்கர் 2. கடைக்காரர் "பெரிய தொட்டிதானே தம்பி, எல்லாம் ஒன்றாய் ஓடும்" என்றார். ஆனால் யூடியூப்பில் பார்த்தால் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், அதனால் வாங்குவதற்கு முதல் இங்கே ஒருக்கா கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

தண்ணீர் வளவுக் கிணற்றுத் தண்ணீர். கேத்தில் அடியில் வெள்ளையாய்ப் படியும், அம்மா மாதத்தில் ஒரு தடவை தேசிக்காய் பிழிந்து கொதிக்கவைத்துத்தான் அதைக் கழுவுவார். தொட்டி வைக்க நினைத்திருப்பது முன் விறாந்தையில், அதற்குத் தகரக் கூரை. மாரியில் கரண்ட் போய்ப் போய் வரும். வேறு ஏதும் விபரம் வேண்டுமென்றால் கேளுங்கள்.


கனகராயன்:

தம்பி, கடைக்காரர் பொய் சொல்லவில்லை, எல்லாம் ஓடும். ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடும்.

நீங்கள் எழுதிய பட்டியலை ஒருக்கா பிரித்துப் பாருங்கள். ஒஸ்காரும் ஏஞ்சலும் அமேசன் பக்கத்து மீன்கள், மென்மையான, கொஞ்சம் அமிலத்தன்மையான தண்ணீரில் வந்தவை. மஞ்சள் லேப் ஆபிரிக்காவின் மலாவி ஏரி மீன். புரொன்டோசா அதே ஆபிரிக்காவில் தங்கனீக்கா ஏரி. பிளவர்ஹோனுக்கும் பரட்டுக்கும் ஊரே இல்லை, இரண்டும் மனிதர்கள் கலந்து உண்டாக்கியவை: பிளவர்ஹோன் 1990களில் மலேசியாவில், பரட் அதற்கு முன்னமே தாய்வானில். "சிக்ளிட்" என்று ஒரே பெயர் இருப்பதால் ஒரே குடும்பமாய்ச் சோறு தின்னும் என்று நினைக்கக் கூடாது.

பிளவர்ஹோனை முதலில் வெட்டுங்கள். அது தனிக்காட்டு ராசா. நான் ஒன்று மூன்று வருடம் வைத்திருந்தேன், கையை விட்டால் கடிக்கும், தெர்மோமீற்றரை இரண்டு தடவை அடித்து உடைத்தது. பரட் பாவம், அதற்கு வாய் ஒழுங்காக மூடவே மூடாது, சண்டை வந்தால் கடிக்க வழியில்லை. ஒஸ்கார் கடையில் இரண்டு அங்குலத்தில் நாய்க்குட்டி மாதிரி இருக்கும். முதல் வருடத்தில் மாதத்துக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் வளர்ந்து ஓர் அடிக்கு வந்து நிற்கும், வாய்க்குள் போகிற அளவில் எது இருந்தாலும் அது சாப்பாடு. உங்கள் ஆறு லேப்பும் வரிசையில் போகும். புரொன்டோசாவும் லேசுப்பட்ட ஆளில்லை, பகலில் சாமியார் மாதிரி நிற்கும், இரவில் சின்ன மீன்களை எடுக்கும்.

சக்கரை வாங்கவே வாங்காதீர்கள். ஒன்றரை அடிக்கு வளரும், அது போடுகிற கழிவைச் சுத்தம் பண்ண இன்னொரு ஆள் வேண்டும். கடைசியில் அலுத்துப்போய் ஆக்கள் அதைக் கொண்டுபோய்க் குளத்தில் விடுவார்கள், அது அதைவிடப் பெரிய பிழை.

சரி, எதை வைக்கலாம் என்றால், முதலில் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துச் சொல்லுங்கள். துளி விட்டுப் பார்க்கிற கிட் கடைகளில் இருக்கும், பிஎச் (அமிலமா காரமா என்பது), ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை), கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) மூன்றும் வேண்டும். கேத்திலில் அப்படிப் படிகிறதென்றால் கடின நீர்தான், ஆனால் இலக்கம் தெரிய வேண்டும். இலக்கம் நான் நினைக்கிற மாதிரி வந்தால், மலாவி மீன்களுக்கு மற்ற ஊர்க்காரர் உப்பும் சுண்ணாம்பும் கலந்து தயாரிக்கிற தண்ணீர் உங்கள் வளவுக் கிணற்றில் கப்பி போட்டு இழுத்தாலே வரும். அதை விட்டுவிட்டு ஏன் தென்னமெரிக்க மீனோடு மல்லுக்கட்ட வேண்டும்?


மாங்குளம் சந்தி:

கனகராயன் அண்ணை சொன்னதுக்கு மேல் சொல்லப் பெரிதாய் ஒன்றும் இல்லை, ஆனால் "மலாவி" என்று கேட்டவுடன் கடைக்கு ஓடாதீர்கள். மலாவிக்குள்ளேயே இரண்டு சாதி இருக்கிறது. பாறைக்குள் குடியிருந்து அதில் படர்கிற பாசியைச் சுரண்டித் தின்பது ம்புனா. திறந்த தண்ணீரிலும் மணலிலும் திரிகிற பீகொக், ஹெப் வகைகள் மற்றப் பக்கம். ம்புனா சின்னது ஆனால் சண்டியன், பீகொக் வடிவானது ஆனால் பயந்தாங்கொள்ளி. இரண்டையும் கலந்தால் பீகொக் நிறம் மங்கி மூலையில் நிற்கும். மஞ்சள் லேப் மட்டும் விதிவிலக்கு, ம்புனாதான் என்றாலும் குணம் சாது, பீகொக்கோடும் விடலாம்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். 4 அடித் தொட்டியில் லேப்போடு சேர்த்து "ஒரேட்டஸ்" என்று மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட குஞ்சுகள் ஆறு வாங்கி விட்டேன், அவ்வளவு வடிவு. எட்டு மாதத்தில் அதில் ஒன்று நிறம் மாறிக் கறுப்பானது, அதுதான் ஆண். அன்றைக்குத் தொடங்கியது. தொட்டியில் முக்கால்வாசி தனக்கென்று எடுத்துக்கொண்டு, நடுக்கல்லின் அடியில் மண்ணை வாயால் அள்ளி அள்ளி வெளியே துப்பிக் கிடங்கு தோண்டி அதில் இருந்துகொண்டது. கிட்ட வருகிற எல்லாவற்றுக்கும் ஒரு பாய்ச்சல். மற்ற மீன்கள் பில்டர் குழாய்க்குப் பின்னால், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, தலை மேலே வால் கீழே என்று ஒட்டிக்கொண்டு நின்றன. வால் எல்லாம் கிழிந்து தும்பாய்ப் போனது. ஒரு நாள் விடிய எழும்பிப் பார்த்தால் ஒரு லேப் நிலத்தில் கிடக்கிறது, எறும்பு மொய்த்துவிட்டது. மூடியில் குழாய்க்கு வெட்டிய இரண்டு அங்குல ஓட்டையால் பாய்ந்திருக்கிறது. அந்த ஓட்டையால் ஒரு மீன் வெளியே போகும் என்று யார் நினைப்பார்கள்? அவ்வளவு துரத்தல்.

ஆகவே ம்புனா எடுத்தால் ஒரேட்டஸ், அதே மாதிரிச் சண்டியனான கெனி இரண்டும் வேண்டாம். சவுலோசி, லேப், அசெய், ரஸ்டி இந்த மாதிரி. ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண், நிறையக் கல், அத்தோடு நெருக்கமாய் விடவேண்டும். கேட்க விசித்திரமாய் இருக்கும், ஆனால் ஐந்து மீன் இருந்தால் பலசாலி ஒன்றையே பிடித்து அடித்துக் கொல்லும், முப்பது இருந்தால் யாரைத் துரத்துவது என்று தெரியாமல் களைத்துவிடும். அதற்கேற்ற பில்டரும் கிழமைக்குக் கிழமை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றலும் இல்லாவிட்டால் இந்த வித்தையைத் தொடவேண்டாம்.

சாப்பாட்டிலும் கவனம். ம்புனா பாசி தின்கிற மீன், அதன் குடல் நீளம். கோழி ஈரல், மாட்டு இதயம், இரத்தப் புழு என்று பாசத்தில் போட்டால் வயிறு ஊதிச் சாகும், ஸ்பைருலினா என்ற பாசி கலந்த உணவுதான் நல்லது.

இன்னொரு கதை, சிரிக்க. ஒரு நாள் பெண் லேப் ஒன்று கன்னம் ஊதி, சாப்பிடாமல் கல்லுக்குள் ஒதுங்கி நின்றது. அம்மா கண்ணாடிக்குக் கிட்ட வந்து நின்று பார்த்துவிட்டு "உதுக்குக் கூகைக்கட்டு வந்திட்டுது, ஒரு சங்கிலி எடுத்துப் போடு" என்றார். உண்மையில் வாய்க்குள் முட்டை. இந்த இனத்தில் தாய் முட்டையை வாயில் வைத்துத்தான் பொரிக்கும், மூன்று கிழமை அளவில் பட்டினி கிடந்து பிறகு குஞ்சைத் துப்பும். இருபத்திரண்டாம் நாள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு அந்த மீனுக்குத் தனி மரியாதை, அம்மா சாப்பாடு போடும்போது அதைத்தான் முதலில் தேடுவார்.


தண்ணிமுறிப்பு:

நான் கொஞ்சம் மாறிக் கதைக்கப் போகிறேன், கோபிக்கக் கூடாது.

ஒஸ்காருக்கு மென்மையான தண்ணீர் வேண்டும் என்பது காட்டில் பிடித்த மீனுக்குச் சரி. கடையில் கிடைக்கிற ஒஸ்கார் அமேசனைக் கண்ணால் காணாதது, சீமெந்துத் தொட்டியில் பிறந்து வளர்ந்தது. செவெரம் என்ற தென்னமெரிக்க மீனுக்கும் பரட்டுக்கும் அப்படித்தான். பிஎச் 8 இல் ஒஸ்கார் பத்து வருடம் வாழும். முட்டை பொரிக்க வைக்கிற ஆசை இருந்தால், அல்லது டிஸ்கஸ் மாதிரி நுணுக்கமான மீன் என்றால்தான் கடினத்தன்மை பெரிய சோலி. பிஎச்சைக் குறைக்கிறேன் என்று மருந்து ஊற்றி ஒவ்வொரு நாளும் ஏற்றி இறக்குகிறவர்கள்தான் மீனைக் கொல்கிறார்கள்.

வன்னியில் நான் பயப்படுவது தண்ணீருக்கு அல்ல, வெயிலுக்கு. தகரக் கூரை விறாந்தை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை ஏன் இரண்டு பேரும் கவனிக்கவில்லை? மலாவி மீன்களுக்கு 24 முதல் 27 பாகை சுகம், 28, 29 தாங்கும். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே என்ன ஆகும்? தண்ணீர் சூடாகச் சூடாக ஒக்சிசன் பிடிக்கிற அளவு குறையும்: 25 பாகையில் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே, 32 இல் 7 சொச்சம். மீனுக்கோ சூட்டில்தான் மூச்சு அதிகம் வேண்டும். முப்பது ம்புனாவை நெருக்கி அடைத்துவிட்டு மத்தியானம் கரண்டும் போனால் கதை முடிந்தது.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். சோதனைக் கிட் வாங்குகிற அன்றைக்கே ஒரு தெர்மோமீற்றரும் வாங்கி, பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி விறாந்தையில் ஒன்று, வீட்டுக்குள் ஒன்று வையுங்கள். மூன்று நாள், விடிய 6 மணிக்கும் பின்னேரம் 3 மணிக்கும் பாருங்கள். 680 லீற்றர் தொட்டி வாளி மாதிரி ஏறி இறங்காது, ஆனால் எந்தப் பக்கம் போகும் என்று காட்டும். விறாந்தைதான் வேண்டும் என்றால் ஒஸ்கார் இரண்டு, செவெரம் மூன்று, ஜியோபேகஸ் ஐந்து. சூட்டைப் பீகொக்கைவிட நன்றாய்த் தாங்கும், ஒரே கண்டத்து ஆக்கள், ஒஸ்கார் வளர்ந்தாலும் இவற்றை விழுங்க முடியாது, எல்லாவற்றையும் ஒரே அளவில் வாங்கினால்.


கனகராயன்:

தண்ணிமுறிப்பு சொல்வது சரி, விறாந்தையை நான் வாசித்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். வவுனியாவில் எங்கள் வீடு மரநிழல், அதனால் அந்த யோசனை வரவில்லை.

ஆனால் ஒஸ்காருக்குக் கடின நீர் பழகும் என்பதற்காக அதுதான் சிறந்தது என்றாகாது. இரண்டு ஒஸ்கார் போடுகிற கழிவுக்கு நீங்கள் கிழமைக்கு இரண்டு தடவை கப்பி இழுக்க வேண்டிவரும்.


நந்திக்கடலோரம்:

நான் முள்ளியவளைப் பக்கம். ஆண்கள் எல்லாரும் அமேசனுக்கும் ஆபிரிக்காவுக்கும் போய்விட்டீர்கள், நான் ஊர் மீனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லட்டுமா.

இலங்கையில் இயற்கையாகவே வாழ்கிற சிக்ளிட் இரண்டு இருக்கிறது. செம்மஞ்சள் குரோமைட், பச்சைக் குரோமைட். முதலாவது மூன்று அங்குலம் அளவில் நின்றுவிடும், உடம்பெல்லாம் மஞ்சள், பக்கத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. இரண்டாவது ஓர் அடிக்கு மேலும் வளரக்கூடியது, பச்சைச் சாம்பலில் முத்துத் தெளித்த மாதிரிப் புள்ளி. கேரளத்தில் கரிமீன் என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடி மாநில மீனாகவே ஆக்கியிருப்பது இதைத்தான். இரண்டும் உவர்நீரிலும் நன்னீரிலும் வாழும். கடின நீரா, பிரச்சினை இல்லை. 31, 32 பாகையா, அதுவும் பிரச்சினை இல்லை, இதே வெயிலில் பிறந்தவை. மேலே நடக்கிற சண்டை முழுக்க அவற்றுக்குச் செல்லாது.

நான் 4 அடித் தொட்டியில் செம்மஞ்சள் பன்னிரண்டும் பச்சை மூன்றும் வைத்திருக்கிறேன். கொஞ்சம் கல்லுப்பு போடுவேன். இவற்றுக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது: சின்னது பெரியதன் உடம்பில் உள்ள ஒட்டுண்ணியைக் கொத்தித் துப்புரவாக்கும், பெரியது செட்டையை விரித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். அதே சின்னது பெரியதன் முட்டையையும் களவாய்த் தின்னும். அயலட்டைச் சண்டை பார்க்க வேறு நாடகம் வேண்டாம். செம்மஞ்சள் குஞ்சு பொரித்தால் தாய் தகப்பன் இரண்டும் காவல், குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் ஊறுகிற வழுவழுப்பைக் கொத்தித் தின்றுதான் வளரும். பால் குடிக்கிற மாதிரி. முதல் தடவை அதைக் கண்ட அன்றைக்கு நான் பாடசாலைக்குப் பிந்திப் போனேன்.

மலாவி மீனோடு கலக்கச் சொல்லவில்லை, தனித் தொட்டியாய் யோசியுங்கள். நாம் குளத்தில் இருந்து வாங்கிக் குழம்பு வைக்கிற திலாப்பியாவும் சிக்ளிட்தான். அது ஆபிரிக்க மீன், 1952 இல் கொண்டுவந்து விட்டது, இன்றைக்கு எந்தக் குளத்தில் வலை போட்டாலும் அதுதான் முதலில் வரும். விட்ட மீன் திரும்ப வராது என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம், ஆகவே எந்த மீன் வாங்கினாலும், அலுத்துப்போனால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், இரணைமடுக் குளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.


வட்டக்கச்சியான்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. கிட் வாங்கிச் சோதித்தேன். பிஎச் 8.0, ஜிஎச் 17, கேஎச் 13. வாளிக் கதை: விறாந்தையில் விடிய 27, பின்னேரம் 33. வீட்டுக்குள் ஓட்டுக்குக் கீழே விடிய 27, பின்னேரம் 29. அப்பாவிடம் அந்த இலக்கத்தைக் காட்டித்தான் தொட்டியை உள்ளே வைக்கச் சம்மதம் வாங்கினேன். தொலைக்காட்சி வைத்திருந்த சுவர்ப் பக்கம் கிடைத்தது, தொலைக்காட்சி இப்போது அலுமாரிக்கு மேலே.

நந்திக்கடல் அக்காவின் யோசனை எனக்கு உண்மையில் பிடித்தது, ஆனால் அம்மாவிடம் படத்தைக் காட்டினால் "இதைப் பொரிக்கலாமே, இதுக்கு ஏன் ஆறடித் தொட்டி" என்கிறார். பழைய 2 அடித் தொட்டி சும்மாதானே இருக்கிறது, ஒரு சோடி செம்மஞ்சள் மட்டும் அதில் வைக்கலாமா?

பெரிய தொட்டிக்கு மலாவி என்று முடிவெடுத்துவிட்டேன். ஒஸ்காரை விட மனம் இல்லைதான், ஆனால் பரவாயில்லை. ம்புனா கூட்டத்தைவிடப் பீகொக் எனக்குப் பிடித்திருக்கிறது. எத்தனை, எது, என்ன வரிசையில் விடுவது? பிறகு இந்தக் கரண்ட் பிரச்சினைக்கு என்ன செய்வது?


நந்திக்கடலோரம்:

ஒரு சோடிக்கு 2 அடி போதும், குஞ்சு பொரித்த பிறகு வேறு மீன் ஒன்றையும் கூட விடாதீர்கள். அம்மாவுக்குப் பச்சை மீனின் படத்தையா காட்டினீர்கள்? செம்மஞ்சளின் படத்தைக் காட்டுங்கள், பொரிக்க மனம் வராது.


கனகராயன்:

ஜிஎச் 17, பிஎச் 8. நான் சொன்னேனே, கப்பி போட்டு இழுக்கிற மலாவி.

பீகொக் என்றால் எல்லாம் ஆணாய் எடுங்கள். பெண் மீன் இருந்தால் ஆண்கள் அதற்காக அடிபடும், தவிர பீகொக் பெண்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், எது எந்த இனம் என்று கடைக்காரருக்கே தெரியாது, குஞ்சு பொரித்தால் கலப்பாய்ப் போகும். உங்கள் அளவுக்கு பதினெட்டு வரை போகலாம். பீகொக்கில் நிறத்துக்கு ஒன்றாய் ஏழெட்டு, ஹெப் வகையில் எலெக்ட்ரிக் புளூ ஒன்று, நெற்றி புடைத்த புளூ டொல்பின் ஒன்று, கூட மஞ்சள் லேப் ஐந்தாறு. உங்கள் பழைய பட்டியலில் உயிர் தப்பியது லேப் மட்டும்தான்! முக்கியமான விசயம், சாதுவான லேப்பைத் தவிர, ஒரே மாதிரி நிறமும் கோடும் உள்ள இரண்டு ஆண்களை விடக் கூடாது. தன்னைப் போல் இருப்பவனைத்தான் அது எதிரியாய்ப் பார்க்கும், சிவப்புக்கு நீலத்தோடு பெரிய பகை இல்லை.

கடையில் இரண்டு அங்குலக் குஞ்சு முழு நிறத்தோடு பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள், ஹோர்மோன் கொடுத்து நிறம் ஏற்றியிருப்பார்கள், வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் வெளிறும், சிலது பெண்ணாகவே இருக்கும். நிறம் இப்போதுதான் பிடிக்கத் தொடங்கிய மூன்று அங்குல மீன் நல்லது. சாதுவானதை முதலில், முரடனைக் கடைசியில் விடுங்கள். புதிதாய் ஒன்று விடும்போது கற்களை இடம் மாற்றி, லைட்டை நிறுத்தி விடுங்கள், பழையவனுக்கும் தன் வளவு எது என்று தெரியாது.

கல் விசயம். முருகைக்கல் கிடைத்தால் மலாவிக்குப் பாதகமில்லை, ஆனால் உங்கள் தண்ணீருக்கு அது தேவையும் இல்லை, கருங்கல்லே போதும். தெரியாத கல் என்றால் தேசிக்காய் பிழிந்து பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. கல்லை மணலுக்கு மேலே வைக்காதீர்கள், இவை கீழே தோண்டும், கல் சரிந்து கண்ணாடியில் விழும். முதலில் கல், பிறகு மணல்.

தொட்டி எவ்வளவு நாள் காய்ந்து கிடந்தது? கண்ணாடியை ஒட்டிய சிலிக்கன் பசை காய்ந்தால் விட்டுவிடும். முற்றத்தில் சமதரையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாய் நிரப்பி ஒரு கிழமை பாருங்கள். தண்ணீர் 680 கிலோ, கண்ணாடி 120 அளவில், கல்லும் மணலும் சேர ஒரு தொன்னுக்குக் கிட்ட வரும், மேசை எல்லாம் சரிவராது, சீமெந்துக் கல்லில் மூன்று சுவர் கட்டி, மேலே தடித்த பலகை, அதற்கு மேல் ரெஜிபோம். மேசன் மட்டம் வைத்துப் பார்க்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.


மாங்குளம் சந்தி:

கரண்டுக்கு: 2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அதில் என் மீன்களைக் காப்பாற்றியது பழைய மோட்டார் சைக்கிள் பற்றரியும் 12 வோல்ட் காற்றுப் பம்பும்தான். உங்கள் அளவுக்கு அப்படி இரண்டு பம்ப், கொஞ்சம் பெரிய பற்றரி. கனிஸ்டர் பில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கிற மூடிய பில்டர்) பாவித்தால், மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு மேல் நின்றுபோனது என்றால் கரண்ட் வந்தவுடன் அப்படியே ஓட விடாதீர்கள், உள்ளே காற்றில்லாமல் நாறிய தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குள் வரும். கழற்றி, தொட்டித் தண்ணீரில் ஸ்பொஞ்சை அலசிவிட்டுப் பூட்டுங்கள். கரண்ட் இல்லாத நேரம் சாப்பாடும் போட வேண்டாம்.

மாரி தொடங்கிக் கிணறு நிரம்பினால் ஜிஎச்சைத் திரும்பச் சோதியுங்கள், மழைத்தண்ணீர் கலந்து இறங்கியிருக்கும். அந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாய் மாற்றுங்கள். நுளம்புக்குப் புகை அடிக்க வந்தால் காற்றுப் பம்பை நிறுத்தித் தொட்டியை மூடுங்கள், பம்ப் அந்தப் புகையை இழுத்து நேரே தண்ணீருக்குள் ஊதும். இதை நான் எப்படிப் படித்தேன் என்று கேட்காதீர்கள்.


தண்ணிமுறிப்பு:

29 பாகை என்றால் நானும் பீகொக்குக்கு ஆம் போடுகிறேன். சித்திரையில் 30 தாண்டினால் மூடியைத் திறந்து வலை போட்டுவிட்டு, சின்ன மின்விசிறியைத் தண்ணீர் மேற்பரப்புக்குப் பிடியுங்கள், இரண்டு பாகை இறங்கும். தெற்குப் பக்கம் யன்னல் இருந்தால் சோளகம் வீசுகிற மாதங்களில் விசிறியும் தேவைப்படாது. தண்ணீர் வற்றுகிறதற்கு வடித்த மழைத்தண்ணீரை விட்டு நிரப்புங்கள், கிணற்றுத் தண்ணீரையே விட்டுக்கொண்டிருந்தால் கடினம் ஏறிக்கொண்டே போகும்.

இன்னும் ஒன்று, தண்ணீர் நிரப்பிய அடுத்த நாளே பதினெட்டு மீனையும் கொண்டுவந்து கொட்டாதீர்கள். பில்டரில் மீன் கழிவை உடைக்கிற பக்றீரியா பிடிக்க நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும்.


கனகராயன்:

அதற்கு நான் பாவித்த ஸ்பொஞ்ச் ஒன்று தருகிறேன், மூன்று வருடம் ஓடியது, பில்டருக்குள் போட்டால் அந்தக் கிழமைகளில் பாதி மிச்சம். வவுனியா வந்தால் எடுக்கலாம்.


வட்டக்கச்சியான்:

அண்ணை, பெரிய உதவி. முற்றத்தில் தொட்டி மூன்றாம் நாளாய் நிரம்பி நிற்கிறது, இதுவரைக்கும் ஒழுக்கு இல்லை, அப்பா விடிய எழும்பி முதல் வேலையாய் நான்கு மூலையையும் தடவிப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். ஸ்பொஞ்சை எப்படிக் கொண்டுவருவது, பொலித்தீன் பையில் கட்டினால் சரியா?


கனகராயன்:

இறுக்கிக் கட்டினால் உள்ளே இருக்கிற பக்றீரியா செத்துவிடும். மூடியுள்ள சின்ன வாளி ஒன்று கொண்டுவாருங்கள், என் தொட்டித் தண்ணீரில் போட்டுத் தருகிறேன், மூடியைக் கொஞ்சம் திறந்தபடி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கொண்டக்டர் கேட்டால் மீன் இல்லை என்று காட்டலாம்.